அலைக்குப் பட்டா

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் சில புகைப்படங்களை அனுப்பியிருந்தார். இளங்கலையில் தமிழைப் பகுதி ஒன்றாகப் படித்தவர். இப்போது சிட்னியில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறார். படங்களில் இதய வடிவிலான சிறு தீவு ஒன்று, அதைச் சுற்றி வெளிறிய பச்சை நீர், அப்பால் கருநீலக் கடல், இரண்டுக்கும் நடுவே வெண்கோடு போல நுரை. ஒரு படத்தில் அவரே பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே எழுதியிருந்தார்: "ஐயா, நீங்கள் வகுப்பில் 'கரும்புத் தோட்டத்திலே' நடத்தியபோது சொன்ன பிஜித் தீவு இதுதானே? ஒரு வாரம் இருந்தேன். கரும்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே?"

குறும்பாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சில மாதங்கள் விடவில்லை. இருபது ஆண்டுகளாக அந்தப் பாடலை நடத்தி வருகிறேன். பாரதி பிஜியைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. என் மனத்தில் பிஜி என்பது கண்ணீரால் சூழப்பட்ட ஒரு கரும்புக்காடு. அங்கே ஒருவர் விடுமுறைக்குச் செல்லக்கூடும், அதுவும் அலைமேல் சறுக்கி விளையாடப் பெருந்தொகை செலவழித்துச் செல்லக்கூடும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடலைப் பற்றிய என் அறிவெல்லாம் நெய்தல் திணையோடு சரி. ஆகவே புத்தகங்களின் துணையோடுதான் அந்தத் தீவுக்குப் போய்வர முடிந்தது.

தீவின் பெயர் தவருவா. பிஜியின் பெருந்தீவான வீட்டி லெவுவுக்கு மேற்கே, மமனுத்தா தீவுக்கூட்டத்தின் தென்முனையில் இருக்கிறது. பரப்பு 29 ஏக்கர். நம் ஊரில் ஓரளவு வசதியுள்ள ஒரு மிராசுதாரின் நிலத்தை விடவும் குறைவு. பன்னாட்டு விமான நிலையம் உள்ள நகரத்திலிருந்து காரில் கடற்கரை, அங்கிருந்து படகு. அந்த நகரத்தை ரோமன் எழுத்தில் நாடி என்று எழுதி நாந்தி என்று உச்சரிக்கிறார்கள். மெல்லினம் தன் இன வல்லெழுத்துக்குள் மறைந்தே இருக்கும் இந்த மரபு பிஜி மொழியின் எழுத்துமுறை முழுவதிலும் உண்டு. தமிழாசிரியனுக்கு இது ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் நம் பொருள் அதுவன்று.

தவருவாவைச் சுற்றியுள்ள பவளத்திட்டில் இரண்டு அலைகள் உலகப் புகழ் பெற்றவை. அலைக்குப் பெயர் வைப்பார்களா என்று நான் வியந்தேன், வைக்கிறார்கள். தீவின் கரையை ஒட்டி உடையும் அலைக்கு ரெஸ்டாரன்ட்ஸ் என்று பெயர், தீவின் உணவகத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால். சற்றுத் தொலைவில் திறந்த கடலில், நிலமே இல்லாத திட்டொன்றின்மேல் உடைவது க்ளவுட்பிரேக். அந்தத் திட்டுக்கு உள்ளூர் மக்கள் வழங்கும் பெயர் இடிமுழக்கத்தைக் குறிப்பது. இரண்டும் இடப்பக்கமாக மடிந்து ஓடுபவை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தெற்கே, அண்டார்க்டிகாவை நோக்கிய கடற்பரப்பில் எழும் குளிர்காலப் புயல்கள்தாம் இவற்றின் பிறப்பிடம். அங்கே காற்று கிளப்பிய கொந்தளிப்பு பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும்போது தனக்குள் ஒழுங்குபெற்று, சீரான இடைவெளியுள்ள திரைகளாகி, ஆழ்கடலிலிருந்து திடீரென ஆழம் குறைந்த பவளத்தின்மேல் ஏறுகிறது. அடி தடுக்கி நுனி முன்சாய்கிறது. பவளத்திட்டு வளைந்து கிடப்பதால் அலை ஒரேயடியாகச் சரிந்து விழாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய் சுருட்டுவது போல உடைந்துகொண்டே போகிறது. அந்தச் சுருளின் உட்குழலில் நின்று வெளியே வருவதுதான் இவ்விளையாட்டின் மோட்சம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். தவறி விழுந்தால் கீழே கத்தி போன்ற பவளம்.

*

வெறிச்சோடிய ஒரு வெப்பமண்டலத் தீவு, யாரும் இல்லாத ஓர் அலை என்ற ஆசை எங்கிருந்து வந்தது? ஹவாயில் அலையேறுதல் கூட்டமாகச் செய்யப்பட்ட ஒன்று. அரசரும் குடிகளும் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடியது. 1820இல் அமெரிக்கப் பாதிரிமார் வந்திறங்கினர். நோய்களால் ஹவாய் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அவர்களின் அரசு கவிழ்க்கப்பட்டு 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. மூன்றே ஆண்டுகளில், 1901இல், வைக்கிக்கி கடற்கரையில் மோனா ஓட்டல் திறக்கப்பட்டது. மண்ணை இழந்தவர்களின் விளையாட்டு விருந்தினரை ஈர்க்கும் காட்சியானது. ஜாக் லண்டன் 1907இல் தன் ஸ்னார்க் என்ற பாய்மரப் படகில் அங்கே வந்து, அலையேறிப் பார்த்து, அதை அரச விளையாட்டு என்று புகழ்ந்து எழுதினார். அமெரிக்க வாசகர்களுக்கு அலைச்சறுக்கின்மேல் மோகம் பிறந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. அதே ஸ்னார்க் 1908இல் பிஜியின் சுவா துறைமுகத்தையும் அடைந்தது. அந்த ஆண்டில் பிஜியின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

1966இல் வெளியான புரூஸ் பிரவுனின் 'முடிவற்ற கோடை' என்ற ஆவணப்படம் அடுத்த கட்டம். இரண்டு கலிபோர்னிய இளைஞர்கள் கோடையைத் துரத்திக்கொண்டு உலகைச் சுற்றுகிறார்கள். செனகல், கானா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா என்று போகும் அந்தப் படத்தின் உச்சம், தென்னாப்பிரிக்கக் கரையில் ஒரு மணல்மேட்டைத் தாண்டியதும் கண்ணில் படும் ஆளில்லாத அலை. கலிபோர்னியக் கடற்கரைகளில் கூட்டம் பெருகிக்கொண்டிருந்த நாளில் அந்தக் காட்சி ஒரு தலைமுறையின் கனவாயிற்று. தமிழில் அலை என்பது பெயர்ச்சொல்லும் ஆகும், திரி என்ற பொருளில் வினையும் ஆகும். இந்த இளைஞர்களுக்கு அந்த இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. அந்தப் படம் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. ஆளில்லாத அலை என்றால் அந்தக் கரையில் ஆளில்லை என்று பொருளல்ல. பலகையோடு ஆளில்லை, அவ்வளவுதான்.

தவருவாவிலும் ஆளிருந்தார்கள். எதிரே வீட்டி லெவுவின் கரையிலுள்ள நபிலா என்ற ஊரின் மக்களுக்கு வழிவழியாக உரிமைப்பட்ட தீவு அது. மீன்பிடிக்கச் செல்வார்கள், திரும்புவார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க சமோவாவில் ஆசிரியராக இருந்த டேவ் கிளார்க் என்ற அமெரிக்கர் இந்த அலையைக் கண்டார். ஸ்காட் ஃபங்க் என்ற நண்பரோடு சேர்ந்து நிலவுரிமையாளர்களிடம் பேசிக் குத்தகை பெற்று 1984இல் ஒரு முகாமைத் தொடங்கினார். பிஜியில் ஒருவர் நிலத்துக்குள் விருந்தினராக நுழையும்போது யங்கோனா என்ற செடியின் வேரைத் தலைவர்முன் வைத்து இசைவு கேட்பது மரபு. சங்கப் பாடல்களில் தலைவியைக் காண வருபவன் ஏந்தி வரும் கையுறைதான் நினைவுக்கு வருகிறது. கையுறை ஏற்கப்பட்டால் உறவு தொடங்கிற்று என்று பொருள்.

அந்த உறவில் இரு தரப்பும் பெற்றதுண்டு. ஊருக்குக் குத்தகைத் தொகை வந்தது. இளைஞர்களுக்குத் தீவில் வேலை கிடைத்தது. முகாமுக்கோ அதுவரை உலகில் எந்த விடுதியும் பெறாத ஒன்று கிடைத்தது: அலையின்மீது தனியுரிமை. தீவில் தங்கும் சில பத்து விருந்தினர்கள் மட்டுமே அந்த அலைகளில் ஏறலாம். மற்றவர்கள் படகில் வந்தால் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டு இப்படித்தான் நடந்தது. 'முடிவற்ற கோடை' காட்டிய வெற்றுக் கடலை இங்கே வேலி போட்டு உருவாக்கினார்கள். தீவைவிட, அதன் குடில்களைவிட, உணவைவிட, அங்கே விற்கப்பட்டது பிறர் இல்லாமை.

*

கடலில் உடைந்து மறையும் ஒன்றுக்கு எப்படிப் பட்டா கொடுக்க முடிந்தது? இந்த இடத்தில்தான் என் மாணவரின் கேள்வி, அவர் நினைத்ததைவிட ஆழமானது என்று தெரிந்துகொண்டேன்.

1874 அக்டோபர் 10 அன்று பிஜியின் தலைவர்கள் தங்கள் தீவுகளை விக்டோரியா மகாராணிக்கு ஒப்படைத்துக் கையெழுத்திட்டனர். அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த ஆர்தர் கார்டன், நியூசிலாந்திலும் ஹவாயிலும் நிகழ்ந்தது இங்கே நிகழக்கூடாது என்று எண்ணினார். பிஜியரின் நிலம் குலங்களுக்கே உரியது, அதை விற்கக்கூடாது, பிஜியரைத் தோட்டக்கூலிகளாக ஊரைவிட்டுப் பெயர்க்கக்கூடாது என்று விதித்தார். மத்தங்காலி எனப்படும் குலக்குழுவே நிலவுடைமையாளர். இன்றும் அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அப்படித்தான் இருக்கிறது. காலனிய வரலாற்றில் அரிதான ஒரு கருணை இது. ஆனால் குடியேற்றத்தை நடத்தப் பணம் வேண்டும். பணத்துக்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். ஒரு மக்களைக் காப்பதற்காக இன்னொரு மக்களைக் கொண்டுவந்தார் கார்டன். இதற்கு முன் மொரீஷியசிலும் டிரினிடாடிலும் ஆளுநராக இருந்தவர் அவர். ஆளை எங்கிருந்து பிடிப்பது என்பது தெரிந்தவர்.

லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் கூலிகளோடு கல்கத்தாவிலிருந்து 1879 மே 14இல் பிஜியை அடைந்தது. 1916 வரை அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 1884 மே 11 இரவு, சிரியா என்ற கப்பல் நசிலாய் பவளத்திட்டில் மோதியது. அலைகள் கப்பலைப் பிளந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். திட்டில் உடையும் அலையோடு இந்தியருக்கு நேர்ந்த முதல் சந்திப்பு அது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1984இல், அதே பெருந்தீவின் மறுகரையில் இன்னொரு திட்டின் அலைக்கு விருந்தினர்கள் பணம் கட்டி வரத் தொடங்கினார்கள். இதை ஓர் உவமையாக நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது 1903இல். அதே ஆண்டில்தான் தவருவாவுக்கு எதிர்க்கரையில், லவுத்தோக்காவில், காலனியல் சுகர் ரிஃபைனிங் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வெட்டிய கரும்பு இத்தகைய ஆலைகளுக்குத்தான் போயிற்று. என் மாணவர் படகேறிய கடற்கரைக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் கரும்புதான். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. புகைப்படமும் குறிப்பேடுமாய்த் திரியும் நானே அப்படித்தான் பல ஊர்களைக் கடந்திருக்கிறேன்.

ஒப்பந்தமுறை 1920இல் ஒழிந்தபின் நம்மவர்கள் குத்தகை விவசாயிகளானார்கள். தவருவாவின் அமெரிக்கர்களைப் போலவே அவர்களும் மத்தங்காலிகளிடமிருந்துதான் நிலத்தைப் பெற வேண்டியிருந்தது. ஒரே சட்டம், ஒரே உடைமையாளர், இரண்டு வகைக் குத்தகைதாரர். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முப்பதாண்டு என்று கணக்கிடப்பட்ட குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடிந்தபோது, பல்லாயிரம் இந்திய வம்சாவளி விவசாயிகள் மூன்று தலைமுறை உழுத மண்ணைவிட்டு வெளியேறினர். நகரங்களின் ஓரத்தில் தகரக் கொட்டகைகள் பெருகின. எதிரே கடலில் க்ளவுட்பிரேக்கின் புகழ் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை.

நிலத்தின் கதை இப்படி. கடலின் கதை வேறு. 1874இன் ஒப்படைப்பால் கடற்கரையும் கடல்தரையும் அரசுக்கு உரியவை என்றே சட்டம் கொண்டது. ஆனால் 1881இல் தேவ் என்ற ஆளுநர் தலைவர்களின் அவையில், பவளத்திட்டுகளில் அவர்கள் வழிவழியாகத் துய்த்துவந்த உரிமை பறிக்கப்படக் கூடாது என்பதே மகாராணியின் விருப்பம் என்று வாக்களித்தார். வாக்கு முழுமையாகச் சட்டமாகவில்லை. மீன்பிடிக்கும் உரிமை மட்டும் பதிவானது. இந்த மரபான மீன்பிடி எல்லைக்கு இங்கோலிங்கோலி என்று பெயர். தவருவாவின் தனியுரிமை நின்றது இந்த மெல்லிய கயிற்றின்மேல்தான்: மீன்பிடி உரிமையாளர்கள் தங்கள் திட்டின்மேல் யார் வரலாம் என்பதை முடிவுசெய்தார்கள்.

நமக்கு இது புதிதல்ல. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களிடையே பாடு என்ற முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அரசின் கண்ணுக்கு ஏரி ஒரே நீர்; பாட்டுக்காரர்களுக்கு அதில் நுண்ணிய எல்லைகள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் புறம்போக்காகத் தெரிவதெல்லாம் யாரோ ஒருவரின் பாடு.

*

1987 மே 14 அன்று ராணுவ அதிகாரி சித்திவேனி ரபுக்கா, இந்தியர்களுக்குப் பெரும்பங்கிருந்த அரசைக் கவிழ்த்தார். லியோனிடாஸ் வந்து சேர்ந்து சரியாக 108 ஆண்டுகள் கழித்து, அதே நாளில். பல்லாயிரம் இந்திய வம்சாவளியினர் நாட்டைவிட்டுப் போனார்கள். 2000 மே மாதம் இன்னொரு கவிழ்ப்பு. விடுதிகள் சில மாதம் வெறிச்சோடின, பின் நிறைந்தன.

2006இல் லைசேனியா கரசேயின் அரசு கொண்டுவந்த மசோதா ஒன்று நம் கதைக்கு நேரானது. கடற்கரையையும் கடல்தரையையும் அரசிடமிருந்து எடுத்து இங்கோலிங்கோலிக் குலங்களுக்கே உடைமையாக்க முயன்றது அது. விக்டோரியாவின் வாக்கை நூற்றிருபத்தைந்து ஆண்டு தாமதமாக நிறைவேற்றும் முயற்சி என்று ஒரு தரப்பு சொன்னது. மணலில் கால் வைக்கவும் கட்டணம் கேட்பார்கள் என்று விடுதிக்காரர்கள் அஞ்சினார்கள். பிஜியரல்லாதார்க்கு இனிக் கடலும் இல்லையா என்று இந்தியர்கள் கேட்டார்கள். ராணுவத் தளபதி பைனிமராமா எதிர்த்த மூன்று மசோதாக்களில் இதுவும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ஆட்சியைப் பிடித்தார்.

2009 ஏப்ரலில் அரசியலமைப்பே நீக்கப்பட்டது. நாடாளுமன்றம் இல்லாத அந்த நாட்களில், 2010இல், அலைச்சறுக்குப் பகுதிகளை ஒழுங்குபடுத்தும் ஆணை வெளிவந்தது. பிஜியின் எல்லா அலைகளும் இனி எல்லோர்க்கும் பொது. தவருவாவின் தனியுரிமை ஒரே நாளில் போயிற்று. க்ளவுட்பிரேக்கைக் கரையிலிருந்து பார்த்து வளர்ந்து அதில் ஏற முடியாதிருந்த உள்ளூர் இளைஞர்கள் முதன்முறையாகச் சுதந்திரமாகப் போனார்கள். சிறு படகுக்காரர்களுக்குத் தொழில் பிறந்தது. இதைப் படித்தபோது என் கை தானாகத் தட்டியது என்று சொன்னால் பொய்யாகாது.

பிறகுதான் யோசித்தேன். ஆணையால் இழந்தவர் விடுதிக்காரர் மட்டுமா? விருந்தினர்கள் தொடர்ந்து வந்தார்கள். விடுதி நன்றாகவே நடக்கிறது. தங்கள் திட்டின் வாசலில் நின்று 'வரலாம்', 'வரக்கூடாது' என்று சொல்லும் உரிமையை இழந்தவர்கள் நபிலாக்காரர்கள். அவர்களைக் கேட்டு அந்த ஆணை பிறக்கவில்லை. கேட்பதற்கான அவையே அப்போது இல்லை. நீதியான ஒன்றை அநீதியான வழியில் செய்தால் அது என்னவாகிறது? பொதுவுடைமை மேல் எனக்குப் பற்று உண்டு. இருந்தும், ஒரு சர்வாதிகாரியின் கையொப்பத்தால் கடல் பொதுவானது என்று கொண்டாட மனம் ஒப்பவில்லை. மறுபுறம், மரபுரிமை என்ற பெயரால் அந்தக் கடல் வாரத்துக்குச் சில பத்து வெளிநாட்டுச் செல்வர்களுக்கு மட்டும் திறந்திருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே நான் இன்னும் ஊசலாடிக்கொண்டிருக்கிறேன்.

2022 டிசம்பரில் ரபுக்கா தேர்தல் வழியே பிரதமரானார். 2023 மே 14 அன்று, தாம் ஆட்சி கவிழ்த்த அதே நாளில், இந்திய வம்சாவளியினரிடம் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். இங்கோலிங்கோலி உரிமையைத் திரும்பத் தரும் பேச்சும் அவர் காலத்தில் மீண்டும் எழுந்தது. 2025இல் அலைச்சறுக்கின் உலக சாம்பியனை முடிவுசெய்யும் இறுதிப்போட்டி க்ளவுட்பிரேக்கில் நடந்தது. உலகமெங்கும் நேரலையில் பார்த்தார்கள். அலையின் உரிமையாளர் யார் என்பதை வர்ணனையாளர்கள் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

இவற்றையெல்லாம் மாணவருக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன். முடிவில், "தம்பி, அடுத்த முறை போனால் நாந்தியின் பெருவீதிக் கோடியில் சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது, நம் திராவிடக் கோபுரம். 1926இல் சாது குப்புசாமி தொடங்கிய சங்கத்தின் வேர் அந்த ஊரில்தான். பார்த்து வாருங்கள்" என்றும் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. கோயிலை வரும்போதே காரிலிருந்து பார்த்தாராம், ஏதோ சுற்றுலாவுக்காகக் கட்டியது என்று நினைத்தாராம். கார் ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும், குடும்பப் பெயர் கவுண்டர். தமிழரா என்று இவர் ஆவலோடு கேட்க, அவர் பிஜி இந்தியில் சிரித்துக்கொண்டே தாத்தா பேசுவார் என்றாராம். கரும்பு வைத்திருந்தாராம், குத்தகை முடிந்தபின் கார் வாங்கினாராம். முப்பது ஆண்டுக்கு நெருக்கமாக அந்தக் கடற்கரைக்கு ஆட்களைக் கொண்டுவந்து விடுகிறார். இறங்கும்போது இவர், "நீங்கள் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாராம்.

"எனக்கு அங்கே என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு, பலகையை மேல்கட்டிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாராம் அவர்.